தருமபுரியிலிருந்து தேவனஹள்ளிக்கு: தவறவிட்ட ஒரு விமானமும் அதன் செலவும்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், துபாயில் வசிக்கும் என் மகளின் முதல் பிரசவத்துக்குத் துணையாக இருப்பதற்காக நான் தருமபுரியிலிருந்து தனியாகப் புறப்பட்டேன். என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் கணவர் அவரை விட்டு வர முடியாத நிலை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. போக வர 31,400 ரூபாய்க்கு மகள் பயணச்சீட்டு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான் அந்த விமானத்தைப் பதினோரு நிமிடங்களில் தவறவிட்டேன். அன்றைய பகலும் இரவும் பட்ட பாட்டை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், கண்ணீரும் மிஞ்சியிருக்கும். எங்கள் மாவட்டத்திலிருந்து முதன்முறையாகப் புறப்படுகிற ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பிழை வீட்டிலேயே நடந்துவிட்டது. தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூர் என்பது பக்கத்து ஊர். துணி எடுக்கவும் மருத்துவமனைக்கும் பலமுறை சென்று வந்திருக்கிறோம். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பது எல்லோருடைய வாயிலும் இருக்கிற கணக்கு. பயணச்சீட்டில் பெங்களூர் என்றுதான் இருந்தது. ஆனால் கெம்பேகவுடா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் ஓசூர், அத்திப்பள்ளி வழியாக நகரத்தின் தெற்கு வாசலில் நுழைகிறோம். விமான நிலையமோ வடக்கு வாசலையும் கடந்து அப்பால் இருக்கிறது. அதாவது நகரம் முழுவதையும் ஊடுருவிச் சென்று, அதன் பிறகும் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். தருமபுரியிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். இதில் கடைசி 50 கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விமானம் காலை 10.20 மணிக்கு, விடியற்காலை 4 மணிப் பேருந்தில் ஏறினால் 7 மணிக்குப் பெங்களூர், அங்கிருந்து ஒரு மணி நேரம் என்று நானும் என் கணவரும் தாளில் எழுதிக் கணக்குப் போட்டோம். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

சூளகிரியைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. அங்கே முக்கால் மணி நேரம் போயிற்று. ஓசூரைக் கடந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் வேலைக்குச் செல்வோரின் வாகனங்கள் நெருக்கத் தொடங்கியிருந்தன. பெங்களூரின் தெற்குப் பகுதியான சில்க் போர்டில் இறங்கியபோது மணி 7.35. இரண்டு பெட்டிகளுடன் சாலையோரத்தில் நின்று வாடகைக் கார் பிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் 1,650 ரூபாய் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. ஹெப்பாள் மேம்பாலத்தை நெருங்கும்போது வண்டிகள் அடியடியாக நகர்ந்தன. அங்கே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்த நிமிடங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வண்டி நகராதபோது நம்மால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை; அழுது என்ன பயன் என்று தெரிந்தும் அழுதேன்.

ஓட்டுநர் 9.02 மணிக்கு என்னை ஒரு வாசலில் இறக்கிவிட்டுச் சென்றார். வாசலில் நின்ற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் என் கைப்பேசியில் இருந்த பயணச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்து, வேறொரு திசையைக் கையால் காட்டினார். நான் நின்றிருந்தது முதலாம் முனையம், அதாவது டெர்மினல் 1. அந்த நிலையத்தில் இரண்டு முனையங்கள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2023 செப்டம்பர் 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாம் முனையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. உள்நாட்டு விமானங்களோ நிறுவனத்தைப் பொறுத்து ஏதாவது ஒரு முனையத்திலிருந்து கிளம்பும். பயணச்சீட்டில் டி2 என்று சின்னதாக அச்சிடப்பட்டிருந்தது. அது இருக்கை எண்ணாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காரில் ஏறும்போது ஓட்டுநர் எந்த முனையம் என்று கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏறி உட்காரும் முன்பே முனையத்தின் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். இறங்கும் முன் வாசல் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்க வேண்டும். முனையங்களுக்கிடையே பேருந்து உண்டு. ஆனால் அது எங்கே நிற்கும் என்று விசாரித்து, ஏறி, இறங்கி, இரண்டாம் முனையத்தின் வாசல் வரிசையில் நின்று உள்ளே நுழைந்தபோது மணி 9.25 ஆகிவிட்டது.

வெளிநாட்டு விமானங்களுக்கு, புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பாகவே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் இன்னும் முன்பாகவே மூடுகின்றன. என் விமானத்துக்கு 9.20 மணி. நான் கவுண்டர் முன் நின்றது 9.31 மணிக்கு. 10.20 மணிக்குத்தானே விமானம், இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று நான் வாதாடினேன். அந்தப் பெண் ஊழியர் கணினியைத் திருப்பிக் காட்டி, பயணிகள் பட்டியல் மூடப்பட்டுவிட்டது, தன்னால் திறக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். பயணச்சீட்டில் இருக்கும் நேரம் விமானம் நகரும் நேரம். பேருந்து நேரத்தைப் போல அதை எண்ணிவிடக் கூடாது. நாம் மனத்தில் பதிக்க வேண்டியது கவுண்டர் மூடும் நேரத்தைத்தான். அதையே விமான நேரமாக நினைத்துக்கொண்டு, அதற்கும் இரண்டு மணி நேரம் முன்பாக வாசலில் நிற்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சியாக இருந்தன. முதலாவதாக, உள்ளே நுழைந்துவிட்டவர் தன் விருப்பப்படி வெளியே வர முடியாது. விமான நிறுவன ஊழியர் ஒருவர் உடன் வந்து, வாசலில் உள்ள பதிவேட்டில் காரணத்தை எழுதிய பிறகுதான் விட்டார்கள். இரண்டாவதாக, போவதையும் வருவதையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுத்திருந்ததால், போகும் விமானத்தில் ஏறாதவருக்குத் திரும்பும் சீட்டும் தானாகவே ரத்தாகிவிடும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் பயணத்துக்குக் கொடுத்த பணமும் அந்தப் பதினோரு நிமிடங்களில் போய்விட்டது. மூன்றாவது செய்தி எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விமானத்தைத் தவறவிட்டாலும், பயணச்சீட்டின் அடிப்படைக் கட்டணம் போகலாமே தவிர, அதில் சேர்ந்திருக்கும் வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. கேட்காதவர்களுக்கு யாரும் நினைவூட்டுவதில்லை. என் மருமகன் மின்னஞ்சல் எழுதிக் கேட்ட பிறகு 2,840 ரூபாய் வந்தது. சிறிய தொகைதான், ஆனால் நம் தொகை.

வெளியே வந்து ஒரு பலகையில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் கிடைத்த எண்ணை அழைத்தால் ஒருவர் மிக மரியாதையாக, தமிழிலேயே பேசினார். பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், அதற்குத் தான் அனுப்பும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு வங்கிக் கணக்கைத் திறந்து காட்டுங்கள் என்றார். பள்ளியில் நாங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஒரு காவல் அதிகாரி இதையே எச்சரித்தது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது, அழைப்பைத் துண்டித்தேன். பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துத்தான் இப்படிப்பட்ட எண்களை இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். உங்கள் பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையோ விமான நிலையத்தில் இருக்கும் அந்நிறுவனத்தின் கவுண்டரையோ தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். புதிய பயணச்சீட்டுக்குக் கவுண்டரில் 27,900 ரூபாய் சொன்னார்கள். அதே விமானத்துக்கு மகள் அங்கிருந்து இணையத்தில் பார்த்து 24,800 ரூபாய்க்கு எடுத்தாள். மறுநாள் அதிகாலை 4.15 மணி விமானம் அது.

ஆக, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. அறை எடுக்கலாம் என்றால் மறுபடியும் வாடகைக் கார், மறுபடியும் அதே சாலை என்ற அச்சம். இரவுவரை முனையத்துக்கு வெளியே உள்ள உணவகப் பகுதியிலேயே இருந்தேன். மதியம் மகள் அழைத்தபோது, பேச்சோடு பேச்சாக, "அம்மா, குருமாப் பொடியில கசகசா சேர்த்தியா?" என்று கேட்டாள். சேர்த்திருந்தேன், அவளுக்குப் பிடித்த பக்குவத்தில் வறுத்து அரைத்த பொடி. கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அது அபினி எடுக்கும் பாப்பிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் சிறைக்குப் போனவர்களும் உண்டு என்று அவள் சொன்னதும் கைகால் நடுங்கிவிட்டது. அந்தப் பலகையின் மேலேயே பெட்டியைத் திறந்து, புடவைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, அடியில் வைத்திருந்த இரண்டு பொட்டலங்களை வெளியே எடுத்தேன். குப்பைத்தொட்டியில் போட மனம் வரவில்லை. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த கோலார் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா வறுத்திருக்கீங்க அக்கா" என்றார். விமானத்தைத் தவறவிட்டதற்காக நான் ஒரே ஒருமுறை நன்றி சொன்ன நேரம் அது. காலையில் ஏறியிருந்தால் அந்தப் பொடியோடுதான் துபாயில் இறங்கியிருப்பேன். வளைகுடாவுக்கு மசாலா எடுத்துச் செல்கிறவர்கள் தயவுசெய்து அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வெற்றிலையும் அங்கே கொண்டு போகக் கூடாது.

இரவு ஒரு மணிக்குக் கவுண்டர் முன் முதல் ஆளாக நின்றேன். பெட்டியில் பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கவுண்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. கொப்பரைத் தேங்காய் இரண்டிலுமே கூடாது. எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் பொருளாக அதைக் கருதுகிறார்கள். கேழ்வரகு மாவு, புளி, பருப்புப் பொடி ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் சொல்லவில்லை. என் துன்பம் கைப்பையில் இருந்தது. பெட்டி எங்காவது தவறிப்போனாலும் இது மட்டும் தப்ப வேண்டும் என்ற எண்ணத்தில், மகளுக்காகக் கிளறிய பிரசவ லேகியத்தை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். சுக்கு, திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாவற்றையும் நானே காயவைத்து இடித்து, பனைவெல்லப் பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் ஊற்றி, இரண்டு நாள் வேலை. என் அம்மா எனக்குக் கிளறிய அதே கணக்கு. பாதுகாப்புச் சோதனையில் பையைத் தனியே ஒதுக்கினார்கள். காவலர் பெண் மூடியைத் திறந்தார். நெய் வாசனை அந்த இடத்தையே சூழ்ந்தது. அவர் இந்தியில் ஏதோ கேட்டார், பிறகு ஆங்கிலத்தில் பேஸ்ட் என்றார். வெளிநாட்டுப் பயணத்தில் திரவமும், குழைவான பொருளும் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. லேகியம், நெய், தேன், ஊறுகாய், மாவடு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இமிகிரேஷன் என்கிற கடவுச்சீட்டுச் சோதனை முடிந்துவிட்டதால் திரும்பிச் சென்று பெட்டியில் சேர்க்கவும் வழியில்லை. அவர் என் கையில் ஒரு துளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாக்கில் வைத்துக்கொண்டேன். டப்பா தொட்டிக்குள் போயிற்று. அந்தக் காவலர் தன் கடமையைத்தான் செய்தார். முகம் சுளிக்கவும் இல்லை. இழந்த பணத்தைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். வீட்டில் செய்த குழைவான பண்டம் எதுவாக இருந்தாலும், இரட்டைப் பையில் இறுக்கிக் கட்டி, செக்-இன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

இமிகிரேஷனில் அதிகாரி கேட்டவை மூன்று கேள்விகள்தான்: எங்கே போகிறீர்கள், எதற்காக, யார் வீட்டில் தங்குவீர்கள். மகளின் விசா நகல், அவள் வீட்டு முகவரி, தொலைபேசி எண், என் விசா, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை அச்செடுத்து ஒரே உறையில் வைத்திருந்தது அன்று நான் செய்த ஒரே சரியான காரியம். கைப்பேசி அணைந்துவிட்டாலும் தாள் பேசும். திரும்பும் சீட்டு ரத்தானதை நினைத்து மகள் 13,900 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று எடுத்து அனுப்பியிருந்தாள். அதை நிலையத்தின் விசாரணைப் பகுதியில் கேட்டு அச்செடுத்திருந்தேன். இன்னொன்று, நம் பக்கத்தில் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும், குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்டவர்களைப் பார்வையாளர் விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்து, பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் தந்தது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்து உள்ளே சென்ற பிறகும் வேலை முடிவதில்லை. போர்டிங் பாஸில் உள்ள கேட் எண் மாறக்கூடும். பேருந்து நிலையத்தில் போலக் கூப்பிட்டு ஏற்றுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. இப்போது பெரிய நிலையங்கள் பலவற்றில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டார்கள், பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்கு 20, 25 நிமிடங்கள் முன்பே கேட்டையும் மூடிவிடுவார்கள். கேட் வரை நடக்கும் தூரம் அதிகம். மூட்டு வலி உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்ப் புட்டியைச் சோதனைக்குப் பின் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். 31,400 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விமானச் செலவு, திரும்பி வந்ததைக் கழித்தும் 67,260 ரூபாயில் முடிந்தது.

என் அனுபவத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. காலை 10 மணி விமானம் என்றால் 7 மணிக்கு முனையத்தின் வாசலில் இருக்க வேண்டும். அதற்குத் தருமபுரியிலிருந்து நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்ப வேண்டும், கிருஷ்ணகிரியிலிருந்து 2 மணிக்கு. அதிகாலை விமானமானால் முதல் நாள் மாலையே கிளம்பிவிடுவது நல்லது. இரவில் சாலை காலியாக இருக்கும், நிலையத்தில் உட்கார்ந்திருப்பது ஹெப்பாளில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். தனியாகப் போகிறவர்கள் சில்க் போர்டில் இறங்கிக் கார் தேட வேண்டியதில்லை. நம் பேருந்து நிற்கும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தே பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்து, கே.ஐ.ஏ. 8 என்ற எண்ணில் விமான நிலையத்துக்குப் போகிறது. பெட்டி வைக்கத் தனி இடமும் உண்டு. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குச் சென்று நகரத்தைத் தவிர்க்கலாம். பெட்டிகளோடு மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் செலவும் தாங்கும். ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். பெங்களூர் நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு நிலையம் வரக் கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பதால், நம் பேரப்பிள்ளைகள் வளரும்வரை நமக்குத் தேவனஹள்ளிதான்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களின் மகன் சென்ற மாதம் துபாய்க்கு வேலைக்குப் புறப்பட்டான். அதிகாலை 4 மணி விமானம். முதல் நாள் மாலை 5 மணிக்கே கிளம்பச் சொன்னபோது அவன் அம்மா, "அவ்வளவு சீக்கிரமா டீச்சர்?" என்று தயங்கினார். நான் அந்தப் பழைய கணக்குத் தாளை எடுத்துக் காட்டினேன். பேத்திக்கு இப்போது ஏழு மாதம். மகளுக்கு இடுப்பு வலி இன்னும் இருக்கிறது என்கிறாள். மறுபடியும் ஒன்றரைக் கிலோ லேகியம் கிளறி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, இரண்டு பைகளில் கட்டி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டி, அவன் வீட்டுக்கே போய், அவன் அம்மாவின் கண் முன்னே அவனுடைய பெரிய பெட்டிக்குள் போர்வையின் மடிப்பில் நானே வைத்துவிட்டு வந்தேன்.